கீழ் நட்டில் ஒரு சிவப்புச் சொட்டு

என் கெட்டிக்கார அம்மாவுக்கு,

இல்லை, நான் அறுக்கவில்லை. அதுவாகத்தான் அறுந்தது.

நீ போன பிறகு மூன்று மாதம் உன் மொபட் முருங்கை மரத்தடியிலேயே நின்றது. அப்பாவின் மாத்திரை வாங்க அன்றுதான் முதல் தடவையாக எடுத்தேன். முன்சக்கரத்திலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. வேகம் காட்டும் முள் ஒரு முறை துள்ளியது. பிறகு பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்கள் 71,406இல் நின்றன. சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிள், உள்ளே கிரீஸ் காய்ந்து, முறிந்திருந்தது.

மீட்டர் ஓடவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கும் மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். வலப்பக்கம் ஒத்துழைக்கவில்லை. வாய் மட்டும் எழுந்தது.

"மீட்டர் ஓடாத வண்டிய வூட்ல வச்சிக்கினு இன்னா பண்றது? மொதல்ல கேபிள மாத்து. அப்பறம் மாத்திர வாங்கலாம்."

உனக்கு ஆச்சரியமாக இருக்காது. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோமே, அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியை யார் ஓட்டி வந்தது, எவ்வளவு காட்டுகிறது. நான் போய்ப் பார்த்து வந்து சொன்னேன். இடக்கையால் காலண்டரில் எழுதினார். உன் சாவு நாளின் கட்டத்தில் ராகு காலம், எமகண்டம், அவற்றுக்குக் கீழே ஐந்து இலக்கம்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். எனவே உனக்குத் தெரிந்தவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அப்பா கரும்பு ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க முள்ளைப் பார்க்கிற வேலை. லாரிக்காரன் பொய் சொல்வான், விவசாயி பொய் சொல்வான், முள் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. நீ கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். போக ஒன்பது, வர ஒன்பது. பதினெட்டுக்கு மேல் ஓடினால் நீ மலைக்குப் போயிருக்கிறாய் என்று அர்த்தம்.

மலையில் உன் தங்கை இருந்தாள். வளர்மதி சித்தி. கல்வராயன் மலைக்காரர் ஒருவரை அவளாகவே தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டு, வெள்ளிமலைக்கு அந்தப்புறம் ஒரு சிற்றூரில் குடியேறியவள். அவள் பெயரை அப்பா சொன்னதே இல்லை. 'அது' என்பார். "அது இருக்கற வூட்டு வாசல்ல உன் காலு பட்டுதுன்னு வையி, அந்தக் காலோட இந்த வூட்டுக்கு வராத." இதைச் சோறு பிசைந்துகொண்டே சொல்வார். குரலை உயர்த்த மாட்டார்.

எனக்கு எண்களைக் கற்றுக்கொடுத்தது உன் மீட்டர்தான். மூன்றாம் வகுப்பில் இலக்கமதிப்பு புரியாமல் அழுதபோது, அப்பா என்னை வண்டி முன்னால் நிறுத்தினார். "கடைசி செவப்பு நம்பர வுட்டுடு. மீதிய சத்தமா படி." படித்தேன். மறுநாளும் படித்தேன். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழிக்கச் சொன்னார். கழித்தேன். பதினெட்டு. "என் சிங்கக்குட்டி" என்றார். அப்போதிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அது என் வேலை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். உன்னைக் கழித்துக் கழித்து வாங்கியது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன், "அம்மா கட்டவெரல்ல கருப்பா மை ஒட்டிக்கினு இருக்குது."

எட்டு வயது. கோள் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். பார்த்ததைச் சொன்னால் சிங்கக்குட்டி ஆகலாம் என்று தெரிந்திருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் படித்தும் எனக்கு விளங்கவில்லை.

அப்பா உன் கையை இழுத்து மோந்தார். "கிரீஸு" என்றார். அவ்வளவுதான். அவர் உன்னை அடித்திருந்தால்கூட எனக்கு அது மறந்துபோயிருக்கும்.

சக்கரத்தண்டை இருக்கிற நட்டைக் கையாலேயே திருகிக் கேபிளை விடுவித்துவிட்டால் மீட்டர் நின்றுவிடும், வண்டி ஓடும். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டின் பின்புறம் கழற்றிவிட்டு மலையேறி, திரும்பி வந்து அங்கேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாய். பதினெட்டு காட்டும். பெட்ரோலை அவர் அளக்கவில்லை. அது உன் சம்பளத்தில் போனது. தன் காசு செலவாகாத எதையும் அவர் அளந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் நட்டுக்கு சீல் வைத்தார். கண்ணாடிப் பலகையில் இருந்த உன் நகப்பூச்சை எடுத்தார். மிளகாய்ப்பழச் சிவப்பு. மீட்டருக்கு அடியில் இருக்கும் மேல் நட்டில் ஒரு சொட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் நட்டில் ஒரு சொட்டு. நட்டும் இரும்பும் சேருமிடத்தில் விழும்படி வைத்தார். நட்டைத் திருகினால் பூச்சு வெடித்துவிடும். ஆலையில் எடைக்கல்லுக்கு ஈய முத்திரை வைப்பார்களாம், அந்த மாதிரி என்று எனக்கு விளக்கினார். நீ சமையலறை வாசலில் முறத்தோடு நின்றிருந்தாய். வேலை முடிந்ததும் குப்பியை மூடி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

அன்று முதல் மாலைக் கேள்வி இரண்டாயிற்று.

"எவ்ளோ?"

எண்ணைச் சொல்வேன்.

"சீலு?"

"அப்பிடியே இருக்குது ப்பா."

நான் மெட்ராசுக்குப் படிக்கப் போன பிறகு பக்கத்து வீட்டுப் பையன் அந்த வேலையைப் பார்த்தான். நீ மலைக்குப் போவதை நிறுத்திவிட்டாய் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். உன் தங்கையை உன்னிடமிருந்து பிரித்தவள் நான் என்றும் நம்பினேன். வளர வளர அந்தக் குற்றவுணர்ச்சியைத் தூக்கிச் சுமக்க முடியாமல் உன் தலையில் இறக்கிவைத்தேன். போன பொங்கலுக்கு வந்தபோது பேசியது நினைவிருக்கிறதா? பெண் விடுதலை பற்றி ஆய்வேடு எழுதுகிறவள், உன் சோற்றைத் தின்றுகொண்டே உன்னிடம் சொன்னேன்:

"ஒரு சொட்டு நெயில் பாலிஷுக்குப் பயந்து கூடப் பொறந்தவள வுட்டுட்டவம்மா நீ. மலைக்கு ஜீப்பு போவல? பஸ்ஸு போவல? வண்டிய எங்கியாவது நிறுத்திட்டுப் போக உனுக்குத் தெரியாதா? நீ வெக்கமே இல்லாத கோழை."

நீ என் தட்டைப் பார்த்தாய். "ஆமாண்டி. கோழதான். மோர் ஊத்தட்டா?"

ஊற்றினாய். குடித்தேன். நாம் முகம் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு அது.

உன் கருமாதி அன்று பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் அப்பா கட்டிலிலிருந்தே பெருமை பேசினார். "பதினேழு வருசம். ஒரு கிலோமீட்டர் ஜாஸ்தி ஓடுனது இல்ல. நான் வச்ச சீலு இன்னிக்கும் ஒடையல."

பெரியப்பா வடையைக் கடித்துக்கொண்டு சொன்னார், "எடமேடக்காரன் பொண்டாட்டின்னா சும்மாவாடா? எட கொறையுமா?"

சிரித்தார்கள். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

சரி. கேபிளுக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சியில் மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர் அறுந்த துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "இந்த வண்டி இன்னும் ஓடிக்கினு இருக்குதா? எமனே புது மாடலுக்கு மாறிட்டான் மேடம்."

"கேபிள் இருக்குதா, இல்லியா?"

"இருக்கும், பரண்ல தேடணும். யாரு மேடம் இதுக்கெல்லாம் மீட்டர் பாக்கறது? முப்பதுக்கு மேல போனா வண்டியே சொல்லும். ஒண்ணொண்ணா கயண்டு வுழும்."

"எங்கப்பா பாக்கறாரு."

"குடுத்து வச்ச வண்டி" என்றார். பரணில் ஏறித் தூசி படிந்த ஒரு வளையத்தை எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக்கிடம் விட அப்பா சம்மதிக்கவில்லை. சீல் வைத்த நட்டை வெளியாள் தொடக்கூடாதாம். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார். வண்டியை ஜன்னலுக்கு நேரே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன்.

"மொதல்ல மேல. டூம கயட்டு."

முன்விளக்கின் மூடியைக் கழற்றிச் சாய்த்தேன். மீட்டரின் அடியில் மேல் நட்டு. அதன்மேல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய பூச்சு, வெளுத்து, உடையாமல். பதினேழு வருடத் துரு. கையால் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினேன். பூச்சு பொடியாக உதிர்ந்தது. நட்டு அழுதுகொண்டே வந்தது.

"பாத்தியா? அப்பிடி இருக்கணும்" என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து. "இப்ப கீழ."

சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். பிளேயரை வைத்து அழுத்தினேன். தேவையே படவில்லை. அம்மா, அந்த நட்டு இரண்டு விரலுக்கு வந்தது. மரைகளில் துரு இல்லை. கிரீஸ் வழவழப்பு. புதுக் கொலுசுத் திருகு மாதிரி சுழன்று வந்தது.

அதன்மேல் இருந்தது சொட்டு அல்ல. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு.

பிளேடால் ஓரத்தைச் சீவினேன். சிவப்பு. அதனடியில் கொஞ்சம் மங்கிய சிவப்பு. அதனடியில் ஒரு மயிரிழை அழுக்கு, மறுபடி சிவப்பு. அடுக்கடுக்காக இருந்தது. எண்ண முடியவில்லை. நடுவில் ஒரே ஒரு அடுக்கு ரோஸ் நிறம். அந்த வாரம் சிவப்பு தீர்ந்து, கடையிலும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஒவ்வொரு திருவிழாவிலும் எனக்கென்று ஒரு நகப்பூச்சு வாங்குவாய். அதே சிவப்பு. நான் ஒரு நாளும் பூசிக்கொண்டதில்லை. பெண்களை அலங்காரப் பொம்மையாக்குவது பற்றி உனக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். பூசாத குப்பி வருடா வருடம் எப்படித் தீர்ந்தது என்று யோசிக்கத்தான் எனக்குப் படிப்பு போதவில்லை.

உன் பொருளாலேயே உன்னைப் பூட்டிவிட்டுச் சாவியை உன் கண்ணாடிப் பலகையில் வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். முள் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்களால் மட்டுமே இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

இன்னொன்றும் அங்கே குந்தியபடியே நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாலை. சீலைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. சிவப்பு. சீருடைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் "அப்பிடியே இருக்குது" என்றேன். அன்று மாலையே நீ அந்தக் கறையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாய். நூல் பிரியும் வரைக்கும் தேய்த்தாய். என்ன கறை என்று கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தே மறைத்தேனா, தெரியாமல் சொன்னேனா? தெரிந்துதான் மறைத்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. எழுதினால் இந்தக் கடிதம் அழகாகிவிடும். உண்மை எனக்குத் தெரியாது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வருகிறது. கேள்வியே தப்பு. மீட்டர் படிக்கிறவளிடம் யார் சொல்வார்கள்? ஆனால் போன பொங்கலுக்கு எனக்கு எட்டு வயதில்லையே அம்மா. நான் உன்னைக் கோழை என்றபோது ஒரு வார்த்தை போதுமே. மோர் ஊற்றினாய். என்னை அப்படியே வைத்திருக்க உனக்கு மனம் வந்தது. நீயும் லேசுப்பட்டவள் இல்லை. பதினேழு வருடம் என்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றினாய்; நான் அதற்குத் தகுதியானவள் என்று முடிவு கட்டித்தான் ஏமாற்றினாய்.

"இன்னாத்த பாத்துக்கினு ஒக்காந்துட்ட?" ஜன்னலிலிருந்து. "சீலு ஒடஞ்சிருக்குதா?"

அந்த நொடியை உனக்குச் சொல்ல வேண்டும். நாக்கின் நுனியில் இருந்தது. 'பதினேழு வருடம் உன் பொண்டாட்டி உன் மூக்குக்குக் கீழே மலையேறினாள்.' ஒரு வாக்கியம். படுத்த படுக்கையில் இருக்கிறவர், ஓடிப்போக முடியாது, கேட்டே ஆகவேண்டும். எனக்கு அவ்வளவு பசி எடுத்தது.

"இல்ல ப்பா. ஒடையல."

பிளேடை அடியில் செருகி நெம்பினேன். மேடு முழுதாகக் கழன்று வந்தது. உள்ளே போய் அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னா இது?"

"நீ வச்ச சீலு."

உருட்டிப் பார்த்தார். "இம்மாம் பெருசாவா வச்சேன்?"

"வெயில்ல உப்பியிருக்கும்."

நம்பினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார் அம்மா. "பதினேழு வருசத்து சீலு. கல்லு மாதிரி இருக்குது பாருங்க." அவர்கள் வாங்கிப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். உன் ஒவ்வொரு பயணத்தையும் நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற நினைப்பு எனக்கு இனிக்கிறது. இதை நான் உன்னிடமிருந்து கற்றேனா, அவரிடமிருந்தா?

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு எழுத்து படிக்க வரவில்லை. எண்கள் மட்டும் தெரிகின்றன. அந்தத் துணிச்சலில்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். சொந்தக்காரர் யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும்.

புதுக் கேபிளை மாட்டினேன். உள் ஒயருக்கு நிறைய கிரீஸ் தடவினேன். நீ தடவிய கிரீஸால்தான் பழையது இத்தனை வருடம் உயிரோடு இருந்தது என்று இப்போது தெரியும். சதுர முனை பள்ளத்தில் விழும்வரை சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். நட்டைக் கையால் இறுக்கினேன். சக்கரத்தைத் தட்டிவிட்டபோது முள் எழுந்தது.

"சீல் வையி" என்றார் அப்பா.

யாருக்கு? இனி இந்த வண்டியை ஓட்டப்போகிறவள் நான்.

கண்ணாடிப் பலகையிலிருந்து உன் கடைசிக் குப்பியை எடுத்து வந்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அவருக்கு எதிரே உட்கார்ந்து, என் இடது கட்டைவிரல் நகத்தில் பூசினேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஓரமெல்லாம் வழிந்தது.

"தீந்துபோச்சு ப்பா" என்றேன். குப்பியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

பிறகு உன் பள்ளிச் சமையல்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நான் கேட்கும் முன்பே அழுதாள்.

"டீச்சரு புதங்கெழம புதங்கெழம ரெண்டு மணிக்கு மலைக்குக் கெளம்பிடும் பாப்பா. நான்தான் பாத்திரத்தக் கணக்கு பாத்து வைப்பேன். போன மாசம் மலையில இருந்து ஒரு ஆளு வந்தாரு. ஏன் டீச்சரு வர்றதில்ல, ஒடம்பு சரியில்லியான்னு கேட்டாரு. ஒரு பை சாம அரிசி குடுத்துட்டுப் போனாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் இன்னாத்த சொல்றது? சாவு சேதிய வூட்ல இருந்துதான் சொல்லணும்னு நெனச்சேன். லீவுல இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

லீவில் இருக்கிறாய். மூன்று மாதமாக.

உன் போனில் சித்தியின் எண் இல்லை. அதையும் அவர் பார்ப்பார் என்று உனக்குத் தெரியும். மலையில் அவள் புதன்கிழமைகளில் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வருவாளாக இருக்கும். நீ செத்த சேதியை அவளுக்குச் சொல்ல நம் வீட்டில் ஓர் ஆள்கூட இல்லாதபடி அவ்வளவு கச்சிதமாக மறைத்திருக்கிறாய். கெட்டிக்காரத்தனத்தின் மறுபக்கம் இது. உன் சாமர்த்தியத்தால் அவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடக்கூடக் கிடைக்கவில்லை.

சித்தியை நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்லியிருப்பாய்? கிரீஸைக் காட்டிக்கொடுத்தவள் என்றா? இல்லை, மகள் மெட்ராசில் படிக்கிறாள் என்று பெருமையாகவா? கதவைத் திறப்பாளா?

வாக்கு ஒன்று தருகிறேன். உன் ரகசியத்தை என் வாயால் அவரிடம் சொல்லமாட்டேன். அது உன்னுடையது. ஆனால் எனக்கென்று ரகசியம் வைத்துக்கொள்ள மாட்டேன். வருகிற புதன்கிழமை போகிறேன்.

உன் கிலோமீட்டர்களைப் படித்தவள்,
உன் மகள்.

பின்குறிப்பு: புதன்கிழமை மதியம் கிளம்பினேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தவில்லை. நட்டைத் தொடவில்லை. கோமுகி அணை தாண்டி, மலையேறி, விசாரித்துப் போய், சித்தியிடம் சொன்னேன். மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். அவரே கழித்துப் பார்த்தார். அறுபத்து நாலு. "எங்க போன?" என்றார். "வளர்மதி சித்தி வூட்டுக்கு" என்றேன். பென்சிலை அவருடைய இடக்கையில் வைத்து, காலண்டரை எதிரே பிடித்துக்கொண்டு, எழுதும்வரை நின்றேன்.